ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி, போனில் காதால் கேட்டது. மீதி, எங்கள் லைன்மேன் மரியதாஸ் அண்ணன் சொன்னது. அந்த வீட்டு வாசற்படியை நான் மிதித்ததே இல்லை. ஆனால் அங்கே கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே பிளக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள், சொல்லுவேன். இடது பக்கம்.

உங்கள் பையனுடைய கம்ப்யூட்டரும் காலையில் போட்டால் நெட் வர நேரம் எடுக்கிறது என்றீர்களே, அதனால்தான் ஞாபகம் வந்தது. நான் பஸ்ஸில் யாருக்கும் யோசனை சொல்வதில்லை அக்கா. சொன்னால் செய்துவிடுகிறார்கள்.

நான் இன்டர்நெட் கம்பெனியில் போன் எடுக்கிறவள். கோயம்புத்தூரில் எட்டு மாதமாக. எதிரே இரண்டு திரை இருக்கும். ஒன்றில் கூப்பிடுகிறவரின் பெயர், ஊர், இதற்கு முன் என்னென்ன புகார் என்பது. இன்னொன்றில் நான் பேச வேண்டியது. ‘வணக்கம், நான் மங்கை பேசுகிறேன்’ என்பதுகூட அதில் எழுதியிருக்கும். என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கஸ்டமருக்குக் கோபம் வந்துவிடும் என்று சுருக்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறார். நான் வேலையில் சேர்ந்த அன்று, “எழுதிக் கொடுத்ததைப் பேசு கண்ணு, சொந்தமா எதையும் பேசாத” என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் இருக்கிறேன். எழுதியிருப்பதைப் பேசுவேன், உள்ளதைச் சொல்லுவேன். என்னைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. காலை எட்டு மணி ஒரு நிமிடம். நேரம் எப்படித் தெரியும் என்றால், நான் ஹெட்போனை மாட்டியவுடன் வந்த முதல் அழைப்பு அது. சோமனூரிலிருந்து கோகிலவாணி என்று ஒருவர்.

“மேடம், கம்ப்யூட்டர் போட்டுட்டேன், கேபிள் மாட்டித்தான் இருக்கு, நெட் மட்டும் வரல. எட்டு மணிக்கு லாகின் பண்ணோணும் மேடம். இப்பவே எட்டு தாண்டிருச்சு.”

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன், கோகிலவாணிக்கு அந்த எட்டு மணி எப்படிப்பட்டது என்று. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கம்பெனி. அதில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி. ஆனால் வைஃபை கூடாது, வயர் மாட்டிய கம்ப்யூட்டர்தான். எட்டு மணிக்கு லாகின் ஆனால்தான் ஆஜர். எட்டு ஒன்று என்றாலும் தாமதம். மூன்று மாதத்தில் பத்துத் தாமதம் வந்துவிட்டால் அந்த அனுமதி போய்விடும், தினமும் ஆபீசுக்கு வந்துதான் பார்க்க வேண்டும்.

வந்து பார்த்தால் என்ன என்று நானும் நினைத்தேன். வீட்டில் மாமனார் இருக்கிறார் அக்கா. ஆறுச்சாமி என்று பெயர். எழுபத்தொரு வயது. ஸ்பின்னிங் மில்லில் மிஷின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு, நேரத்துக்கு ஊசி போட வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒரு முறை குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். கோகிலவாணியின் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வெளிமாநிலம். கோகிலவாணி ஆபீசுக்குக் கிளம்பினால் காலை ஆறரைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் வர முடியும். அப்புறம் மாமனாரை ஓசூரில் இருக்கும் பெரிய மகன் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். நாலாவது மாடி. அவருக்குப் போக விருப்பமில்லை. அந்தம்மாவுக்கும் அனுப்ப விருப்பமில்லை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் எழுதியிருப்பது. “மோடத்தை அணைத்துவிட்டு, முப்பது வினாடி கழித்து மறுபடி போடுங்க மேடம்” என்றேன். போட்டார்கள். மோடத்துக்கு உயிர் வர நாலைந்து நிமிடம் ஆகும். காத்திருந்தோம். எட்டு ஆறுக்கு நெட் வந்துவிட்டது.

“வந்துருச்சு மேடம். ஆனா ஒரு லேட் விழுந்துருச்சு” என்றார் கோகிலவாணி.

அப்போதுதான் போனை மாமனார் வாங்கினார். நல்ல கணீர் குரல் அக்கா. “ஏனுங்க அம்மிணி, நான் இவளோட மாமனார் பேசறேனுங்க. அந்த டப்பாவை ஆப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீங்கல்ல? அது தினமும் செய்யோணுங்களா?”

இதற்கு என் திரையில் பதில் இல்லை. பேசி முடித்ததும் கஸ்டமருக்கு ஒரு மெசேஜ் போகும், ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்லி. பெரியவரிடம் வெடுக்கென்று பேசக் கூடாதல்லவா. “செஞ்சா நல்லதுதாங்க ஐயா” என்றேன். ஒரு மரியாதைக்குச் சொன்னது. நீங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்க மாட்டீர்களா, அந்த மாதிரி.

ஐந்து நட்சத்திரம் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையே மறுபடி கூப்பிட்டார் கோகிலவாணி. என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார், அப்படிக் கேட்டால் எங்கள் ஆபீசில் கொடுப்பார்கள். “மேடம், கம்ப்யூட்டர் போட்டதும் நெட் வர்ல. எட்டு ரெண்டுக்குத் தானா வந்துச்சு. வந்தப்புறம் நாள் பூரா ஒரு பிரச்சினையும் இல்ல. காலைல மட்டும்தான்.”

எங்கள் ஆபீசில் ஒரே வீட்டிலிருந்து ஒரே புகார் ஏழு நாளுக்குள் மறுபடி வந்தால், முதலில் பேசியவள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பார்கள். நான் அப்போது நிரந்தரமாகவில்லை. அதனால் மிகவும் கவனமாக, ஒரு படியைக்கூட விடாமல், கேட்டேன். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “மோடத்தை அணைத்துப் போட்டீர்களா?”

“போட்டாச்சுங்க மேடம். மாமாவே போட்டுட்டார்.”

“நன்றி” என்று சொல்லி அந்தக் கட்டத்தில் டிக் செய்தேன். அடுத்து, கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டச் சொன்னேன். மோடத்தில் வேறு ஓட்டைக்கு மாற்றச் சொன்னேன். சரியாகிவிட்டது என்றார்கள். சரியாகாமல் என்ன, மணி அப்போது எட்டரை.

அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள். சில வாரம் ஒன்றுமே இருக்காது. தினமும் வந்தாலாவது பிடித்துவிடலாம் அக்கா, இது வருகிறது, போகிறது. நான் விடவில்லை. கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுகிற தேவையில்லாத புரோகிராம்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். நெட்வொர்க் கார்டு தூங்கிப் போகாமல் இருக்க ஒரு செட்டிங் உண்டு, அதை மாற்றச் சொன்னேன். அந்தக் கார்டின் மென்பொருளைப் புதிதாக இறக்கி ஏற்றச் சொன்னேன். கோகிலவாணி நான் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். அப்படி ஒரு கஸ்டமர் கிடைக்க மாட்டார்.

ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி அதே.

“மோடத்தை அணைத்துப் போட்டீர்களா?”

“போட்டாச்சு மேடம்.”

டிக்.

ஒரு நாள் பின்னாலிருந்து பெரியவர் குரலே கேட்டது. “அதெல்லாம் கரெக்டா நடக்குதுன்னு சொல்லு அம்மிணி. அந்தப் புள்ளை ஒண்ணும் கவலப்பட வேண்டாம்.” எனக்கு ஒரு நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். சொன்னதைச் செய்கிற ஆட்கள் குறைவு.

ஜூலை முடியும்போது கோகிலவாணிக்கு ஆறு தாமதம். எனக்கு நான்கு சிவப்புப் புள்ளி.

மரியதாஸ் அண்ணனை அனுப்பினேன். எங்கள் லைன்மேன்களில் அவர்தான் நல்ல ஆள், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் போய் லைனை அளந்து பார்த்தார், கேபிளைப் பார்த்தார், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். போட்ட பத்தாவது வினாடி நெட் வந்தது. ‘லைன் நன்றாக உள்ளது’ என்று எழுதிவிட்டு வந்தார். மறுநாளே கோகிலவாணிக்கு ஏழாவது தாமதம்.

“எத்தனை மணிக்கு அண்ணா போனீங்க?” என்று கேட்டேன்.

“பதினொன்னுக்கு.”

“காலைல எட்டு மணிக்குத்தானே வரலைன்னு சொல்றாங்க.”

“பாப்பா, எனக்கு ஷிப்டே ஒன்பது மணிக்குத்தான். பதினொரு மணிக்குப் போனா ஊர்ல இருக்கற எல்லா லைனும் நல்ல லைன்தான். அதுக்கு நான் என்ன செய்ய?”

எட்டாவது வந்தது. ஒன்பதாவதும் வந்தது. ஒன்பதாவது அன்று கோகிலவாணி போனில், “இன்னும் ஒண்ணுதான் மேடம். ஆகஸ்ட் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பன்னெண்டு நாளைக்கு மட்டும் பாத்துக் குடுங்க, செப்டம்பர்ல புதுசா எண்ண ஆரம்பிச்சுருவாங்க” என்றார். “ஓசூர்ல இருந்து மாமாவோட பெரிய பையன் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. மாமா இப்பவே அவர் துணியைத் தானே மடிச்சு வெக்கறார்.”

நான் மரியதாஸ் அண்ணனைக் கெஞ்சினேன். நாளைக்கு ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்குப் போய் நில்லுங்கள் அண்ணா, என்ன நடக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள் என்று. முனகிக்கொண்டே போனார். இனிமேல் சொல்வதெல்லாம் அவர் சொன்னது.

அவர் போனபோது கோகிலவாணி சமையலறையில் இருந்தார். பெரியவர் சலவைச் சட்டை போட்டு, வாட்ச் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். “வாங்க தம்பி, காபி குடிங்க” என்று உபசரித்தாராம். ஏழு ஐம்பது ஆனதும் எழுந்தார். தோளில் இருந்த துணியை எடுத்தார். மேஜைக்குக் கீழே குனிந்து, வலது கையால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினார். பிளக்கின் கால்களைத் துணியால் துடைத்தார். மோடத்தின் முதுகு, வயிறு, கேபிள் நுழைகிற இடம், எல்லாவற்றையும் துடைத்தார். வாட்சைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் நின்றார். பிறகு பிளக்கைச் சொருகினார்.

மரியதாஸ் அண்ணன் கையில் காபி டம்ளரோடு, “இது என்னங்க ஐயா?” என்று கேட்டிருக்கிறார்.

“மில்லுல முப்பத்தாறு வருஷம் தம்பி. ஷிப்டு சங்கு ஊதறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மிஷினை நிறுத்தி, துடைச்சு, ஓட்டிப் பாத்துத்தான் அடுத்த ஆளு கையில குடுப்போம். ஒரு நாள் தப்புனதில்ல. இதும் ஒரு மிஷின்தானுங்களே. கம்பெனிக்கார அம்மிணியும் தினமும் செஞ்சா நல்லதுன்னுச்சு. அன்னையில இருந்து இவளோட எட்டு மணி ஷிப்டுக்கு ஏழு அம்பதுக்கு நான் செஞ்சு குடுத்துடறேன். இந்த ஒத்தைக் கையில இவளுக்கு வேறென்ன செய்ய முடியுது.”

அதற்குள் கோகிலவாணி ஓடிவந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் அக்கா. கம்ப்யூட்டர் எழுந்தவுடன் மோடத்திடம் ஒரு முகவரி கேட்கும். அது கிடைத்தால்தான் நெட். மோடம் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தால் பதில் சொல்லாது. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் தானே ஒரு பொய் முகவரியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும். மறுபடி கேட்க ஐந்து நிமிடம் ஆகும். இதற்கிடையில் மோடம் தயாராகிக் காத்திருந்தாலும் சரி, இது கேட்காது. கோகிலவாணி என்றைக்குச் சமையலை முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கடைசி நிமிடத்தில் போடுகிறாரோ அன்றைக்குத் தப்பித்தார். எட்டு மணிக்கு வரவேண்டுமே என்று பயந்து முன்னாலேயே ஓடிவந்து போட்ட நாளெல்லாம் மாட்டிக்கொண்டார்.

அன்றும் எட்டு மூன்றுக்குத்தான் வந்தது. பத்தாவது.

“நீங்க பக்கத்துல நின்னுட்டுத்தானே அண்ணா இருந்தீங்க? பிடுங்கும்போதே தடுக்கறதுக்கென்ன?” என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

“பெரியவர் அவ்வளவு பயபக்தியா செய்யறார் பாப்பா. நடுவுல எப்படிக் கையைப் பிடிக்கறது? அதுவுமில்லாம அவர் செஞ்சது நம்ம கம்பெனி சொன்னதுதானே.”

நான் சொன்னது ஒரு மரியாதைக்கு என்று அவரிடம் விளக்கினேன்.

அவர் கோகிலவாணியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை, “மாமாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா” என்பதுதான். “கேபிள்னு சொல்லுங்க. ஒரு புதுக் கேபிள் மாட்டிட்டுப் போங்க.”

மரியதாஸ் அண்ணனும் நல்லாயிருந்த கேபிளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். பெரியவர் பழையதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பவே நினைச்சனுங்க” என்றாராம். ஏழு ஐம்பதை ஏழே காலாக மாற்றிக்கொள்ளுங்கள் ஐயா, கம்பெனியில் புது உத்தரவு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்தப் பொய்யெல்லாம் அவருக்குச் சரளமாக வரும். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு வராது, அவ்வளவுதான்.

ஆனால் பத்து பத்துதானே. மறுநாள் கோகிலவாணியின் ஆபீசிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், வருகிற திங்கள் முதல் நேரில் வா என்று. அந்தம்மா அழுததில் அவர்கள் மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். அந்தப் பத்தில் ஒரு நாளாவது இன்டர்நெட் கம்பெனியின் லைன் பழுதால் என்று கம்பெனி கடிதம் கொடுத்தால், அதைத் தள்ளி ஒன்பதாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நாள் போதும்.

அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்தது அக்கா. அந்த வீட்டுப் புகாரையெல்லாம் எடுத்தவள் நான் என்பதால் நான் எழுத வேண்டும், மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். அவர் படிக்க மாட்டார்.

மரியதாஸ் அண்ணன் வேலை முடிந்து நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார். லைன்மேன்கள் எங்கள் மாடிக்கு வருவதே இல்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா, ஒரு நாள் லைன் போச்சுன்னு எழுதிடு. எந்த நாளா இருந்தா என்ன, யாரு வந்து பாக்கப் போறா.”

“பொய் எழுதச் சொல்றீங்களாண்ணா?”

“பத்து நாளும் லைன் நல்லா இருந்துச்சுன்னு மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே அண்ணா போய்ப் பாத்து, நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நான் மாத்தி எழுதினா, நீங்க எழுதினதும் பொய்யாயிரும். நாளைக்கு விசாரணை வந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்.”

“விசாரணையா? பாப்பா, இது என்ன கொலைக் கேஸா?” என்றார். பிறகு, “அந்தாளைப் பாத்திருந்தா நீ இப்படிப் பேச மாட்ட” என்றார்.

பார்க்கவில்லை என்பதுதான் என் பலம் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் உள்ளதை எழுத முடியாது. என் பெயருக்கு நேரே அப்போது ஏழு சிவப்புப் புள்ளி. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அதற்காக எழுதினேன் என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டாலும் அதையேதான் எழுதியிருப்பேன். நாலு முறை அடித்துத் திருத்தி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதினேன்: ‘எங்கள் லைனில் பழுது ஏதும் காணப்படவில்லை. வாடிக்கையாளர் இல்லத்தில் மோடம் தினமும் அணைக்கப்பட்டு வந்ததே தாமதத்துக்குக் காரணம்.’ பெரியவர் பெயரை எழுதவில்லை. யார் அணைத்தார்கள் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை, அதை விட்டுவிட்டேன். யார் அணைக்கச் சொன்னார்கள் என்பதையும் அதேபோலத்தான் விட்டேன்.

கடிதம் போன அன்று மாலை போன் வந்தது. கோகிலவாணி நம்பர். பேசியது ஆறுச்சாமி ஐயா.

“அம்மிணி, நான் ஆறுச்சாமிங்க. லெட்டர் அனுப்பிச்சுட்டீங்கன்னு ஆபீசுல சொன்னாங்களாமா.”

“அனுப்பிட்டேங்க ஐயா.”

“ரொம்ப சந்தோசமுங்க. கோகிலா ரெண்டு நாளா சோறே திங்கல. நான்தான் சொன்னேன், அந்த அம்மிணி உள்ளதை எழுதும், நீ பயப்படாதன்னு.”

“உள்ளதைத்தாங்க எழுதியிருக்கேன் ஐயா.”

“அது போதுமுங்க. கேபிளு மோசம்னு இருந்தா கம்பெனி ஒத்துக்கறதுதானுங்க மரியாதை. எங்க மில்லுலயும் அப்படித்தான், மிஷின் கோளாறுன்னா மிஷின் கோளாறுன்னு எழுதிருவோம், வேலைக்காரன் மேல போட மாட்டோம்.”

நான் என்ன சொல்ல முடியும் அக்கா? சொல்ல வேண்டாம் என்று மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அவர் பேசியதற்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. “வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா?” என்று கேட்டேன். அது திரையில் இருக்கும் கடைசி வரி.

“ஒண்ணும் வேண்டாமுங்க. மெசேஜ் வந்தா அஞ்சை அமுக்கிடறேன்” என்றார். அமுக்கியும் விட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து கோகிலவாணி ஆறரை பஸ்ஸுக்குப் போகிறார். அந்த வார முடிவில் பெரிய மகன் கார் எடுத்து வந்து பெரியவரை ஓசூருக்குக் கூட்டிப்போனார். லைனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க மரியதாஸ் அண்ணனை வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவர் அங்கே இருந்திருக்கிறார். பெரியவர் காரில் ஏறும் முன், மோடத்தைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, அவர் கையிலேயே கொடுத்தாராம். “நல்ல கண்டிசன்ல இருக்குது தம்பி. அடுத்த வீட்டுக்குத் தாராளமாக் குடுக்கலாம்” என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு மரியதாஸ் அண்ணன் மோடத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது ஸ்டோரில் கொடுக்க வேண்டியது, என்னிடம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒருவர் உண்மையாக இருந்தால் கூட இருப்பவர்களுக்கே பிடிப்பதில்லை, பார்த்தீர்களா.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் இப்போது ஊருக்குப் போகிறேன். என் பைலில் மேலே இருப்பவர் ஒரு வரி எழுதியிருக்கிறார், அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டு: ‘கம்பெனியின் நலனைக் காக்கும் விதத்தில் தெளிவாக எழுதக்கூடியவர்.’ அப்பாவுக்குப் படித்துக் காட்ட அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பரமத்தி தாண்டிவிட்டதா? நீங்கள் எங்கே இறங்க வேண்டும் அக்கா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்றே ஒன்று பாக்கி. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். கோகிலவாணி நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் கஸ்டமரை நாங்களாகக் கூப்பிடக் கூடாது என்று விதி.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. எந்த வட்டாரத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எங்கள் லைனே இல்லை என்று அதில் இருக்கும். சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அது திறக்கும். திறக்கச் சொல்லி எழுதியிருக்கவில்லை, அதனால் திறந்ததில்லை. போன வாரம் வேறொரு வீட்டுப் புகாருக்காகத் திறந்தேன். திறந்த கையோடு சோமனூரையும் போட்டுப் பார்த்தேன், கோகிலவாணி முதல் முதலாக என்னைக் கூப்பிட்ட நாளை.

ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை. காலை ஏழு நாற்பத்தெட்டு முதல் எட்டு நான்கு வரை லைன் இல்லை. பழுது எங்கள் பக்கம். பாதிக்கப்பட்ட வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு.